சடையனைக் குளிப்பாட்டிய சனிக்கிழமை

வெள்ளிமலைத் தோட்டம், மேல் டிவிசன்,
பதுளை.
பங்குனி 2, திங்கட்கிழமை.

என் மகள் விஜயலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், என் முழங்கால் ஒன்றுதான் சொன்ன சொல் கேட்பதில்லை. அங்கே கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல், காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நம் தோட்டத்து மாரியம்மாளிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், உன்னோடு பேசாத நாளிலும் அவளிடம் சொல்லாமல் விட்டதில்லை. நீ என்னோடு பேசி இன்றோடு நாற்பத்தொரு நாள். தைப்பூசம் கழிந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குக் கடைசியாகப் பேசியது. எனக்குப் படிப்புதான் ஐந்தாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் அதோடு நின்றுவிடவில்லை. உன் அண்ணி யோகராணியின் போனில் மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. சித்திரைக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று அவளுக்கு மட்டும் எழுதி அனுப்பினாயாம். அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள், வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். பதுளைக் கடைவீதி ஸரூக் நானாவின் மகன் ஷிபான் வருகிற வியாழக்கிழமை கத்தாருக்குப் போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், மீதியைச் சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்து வீடுகளில் இருக்கிற எல்லாக் காதும் கேட்கும். கடிதம் என்றால் நீ மட்டும்தான்.

நடந்ததை நடந்தபடி முதலில் இருந்து எழுதுகிறேன், நீ பாதிதான் கேட்டிருப்பாய். அன்றைக்கு நான் லயத்து வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அழகுமணி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளை உனக்குத் தெரியும், தொண்ணூற்று நாலாம் வருஷம் என்னிடம் இரவல் வாங்கிய இட்டலிச் சட்டியை அடி நசுங்கத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தவள். அவள் சிரித்த முகத்தோடு என் வாசலுக்கு வந்தால் நல்லதுக்கு வரமாட்டாள் என்று தெரிந்தும் பார்த்தேன். போனில், உன் கடைக்காரர்கள் போட்ட வீடியோவில், நீ நிற்கிறாய். ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு மேசை மேல் நிற்கிற வெள்ளை நாய்க்குச் சவர்க்காரம் தேய்க்கிறாய். பிறகு காற்றடிக்கிற மெசினால் அதன் மயிரைக் காயவைக்கிறாய், சீவுகிறாய், நகம் வெட்டுகிறாய், ரிப்பன் கட்டுகிறாய், கடைசியில் லூலூ என்று கூப்பிட்டு அதன் நெற்றியில் ஒரு முத்தம், அடுத்த மேசையில் ஸாரா என்று இன்னொன்று. அழகுமணி, “விஜயா ரெண்டு கொழந்தைங்கள பாத்துக்குறானுதானே சொன்னீங்க ரெங்கம்மாக்கா, இதுல எது மூத்தது” என்று கேட்டாள்.  முறத்து அரிசி மடியில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. மூன்று வருஷமாக லூலூ என்றும் ஸாரா என்றும் அந்தப் பிள்ளைகளின் பெயரை நீ சொல்லச் சொல்ல, நான் அதை மனதில் வைத்துக்கொண்டு கோயிலில் அவர்கள் பெயருக்கு அர்ச்சனையே செய்திருக்கிறேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார், அரபுப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் தெரியாது சாமி, பெயருக்குச் செய்யுங்கள் என்றேன். இரண்டும் நாய் என்று எனக்கு யார் சொன்னது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். உன் அண்ணன் புவனேந்திரன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யோகராணி வேண்டாம் அத்தை, ஆறுதலாகப் பேசுங்கள் என்று சொல்லச் சொல்ல நான் கேட்காமல் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது, வாசலில் பதினைந்து பேர். அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன், “நாய் கழுவுறவளுக்கு இந்த வீட்டுல வாசப்படி கெடையாது.” நீ அம்மா என்று ஒரு தரம் சொன்னாய். அதோடு போன் நின்றது.

எதற்காக எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று நீ யோசித்திருப்பாய். வேலை என்றால் எல்லாம் வேலைதானே, கக்கூஸ் கழுவினவர்களும் கத்தாரிலிருந்து வந்து நம்மோடு நடமாடுகிறார்கள், அவர்களை நான் ஒன்றும் சொன்னதில்லை. இது நான் உங்கள் அப்பாவிடமும் சொல்லாதது, உன்னிடம் சொல்கிறேன். சின்ன வயதில் பெரிய துரை பங்களாவில் சமையலறையில் வேலை செய்தேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி வளர்த்தேன் இல்லையா, அது பொய். நான் பங்களாவில் நாய் குளிப்பாட்டினேன். பதினாலு வயது எனக்கு. துரைசானி அம்மாவுக்கு இரண்டு நாய், ஒன்று மண் நிறம், ஒன்று காதில் புள்ளி. சனிக்கிழமை தோறும் செம்புக் கொதிகலனில் தண்ணீர் காய்ச்சி, முழங்கையால் சூடு பார்த்து, இரண்டையும் குளிப்பாட்டித் துடைத்து, கால் இடுக்கில் பவுடர் போடவேண்டும். எழுபத்தோராம் வருஷம் தை மாதம் என் அம்மாவுக்கு லயத்தில் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள், உன் பெரிய மாமாதான் அது. மழையில் விறகெல்லாம் நனைந்து அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. அன்றைக்கு நாய்கள் குளித்து முடிந்து அரை வாளி சுடுதண்ணீர் மிச்சம் இருந்தது. அதைப் பிள்ளை குளிப்பாட்டக் கொண்டுபோகட்டுமா என்று அப்புவிடம் கேட்டேன், பங்களா வேலைக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் அந்த அப்பு, இடது கையில் ஆறு விரல்.  அவர் வாளியைத் தூக்கி என் கண் முன்னாலேயே கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் ஊற்றினார், கான் நெடுகிலும் ஆவி பறந்துகொண்டே போனது. ஒரு தரம் கொடுத்தால் லயத்து ஆட்களுக்கு அதுவே பழகிவிடும் என்று பிறகு துரைசானியிடம் இங்கிலீசில் சொன்னாராம். அவர் செத்து முப்பது வருஷம் ஆகிறது, நான் இன்னும் அவரை விடவில்லை. என் வயிற்றில் பிறப்பது ஒன்றும் நாய்க்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அந்தக் கான் ஓரத்தில் நின்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து அழகுமணியின் போனில் நீ அதே மாதிரி குனிந்து நிற்கிறாய். என் நிலைமையை யோசித்துப் பார்.

இனி சடையன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போவதற்கு முந்தின வருஷம் வெலிமடை பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாயே, அந்தச் சடை நாய் இப்போது கன்றுக்குட்டி உயரம் ஆகிவிட்டது. நீ இருந்தவரை நீ குளிப்பாட்டினாய், நீ போன பிறகு அதன் மேல் ஒருத்தரும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றவில்லை. நானும் ஊற்றவில்லை. நாயைத் தொடுவதை நான் விட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல். போன தீபாவளி முடிந்த கையோடு அது இரண்டு நாள் காணாமல் போனது. மூன்றாம் நாள் சேறும் சகதியுமாக வந்து விறகு அடுக்குக்குப் பின்னால் போய்ப் படுத்தது, அன்றிலிருந்து அது பழைய சடையன் இல்லை. தட்டில் வைப்பதில் பாதி தின்னும், யாராவது கிட்டே போனால் உறுமும், தலையைத் தடவப் போனால் பல்லைக் காட்டும். மயிரெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு, பக்கத்தில் போக முடியாத நாற்றம். எங்கேயோ செத்ததில் புரண்டுவிட்டு வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். கார்த்திகை மழையில் பாதை அறுந்து, மேட்டு லயத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கி, அந்த அமளியில் நாயை யார் பார்ப்பது. அப்படியே மாசி மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரனின் சின்னவள் தனுஷ்கா, பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவந்து சடையனைக் கழுத்தோடு கட்டிப்பிடித்தாள். அது திரும்பி ஒரு கவ்வு. சட்டைக் கை கிழிந்து மணிக்கட்டில் பல் கீறிவிட்டது. பயப்படாதே, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது, பிள்ளை இப்போது குதித்துக்கொண்டு திரிகிறாள். ஆனால் அன்றைக்கு யோகராணி அழுத அழுகையை நீ பார்த்திருக்கவேண்டும். புவனேந்திரன், இனி இந்த நாய் இந்த வாசலில் இருக்கக் கூடாது என்றான். மேட்டு லயத்து முருகையா இந்த மாதிரிக் காரியத்துக்கு இறைச்சியில் ஏதோ வைத்துக் கொடுப்பான். அடுத்த ஞாயிறு காலையில் வரச் சொல்லிப் பேசியாகிவிட்டது. சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். அது உன் நாய் என்பதால் உன் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் அதன் மேல் விழுந்தது.

சனிக்கிழமை வந்தது, எனக்கு மனம் கேட்கவில்லை. கோயிலுக்கு வெட்ட விடுகிற கிடாயைக்கூட நாம் குளிப்பாட்டி, மஞ்சள் தெளித்து, மாலை போட்டுத்தானே கூட்டிப்போகிறோம். அழுக்கோடு அனுப்புகிற வழக்கம் நமக்கு இல்லை. நாலு வருஷம் என் வாசலில் கிடந்த உயிர் அந்த நாற்றத்தோடு போகக் கூடாது, சாகப் போவதென்றாலும் குளித்துவிட்டுச் சாகட்டும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சினேன், பிள்ளைக்குப் போடுகிற சவர்க்காரம் எடுத்தேன், யோகராணியின் தையல் கத்தரி, என் பேன் சீப்பு, பழைய சாரித் துண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய் லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் வைத்தேன். ஆனால் கடிக்கிற நாயைக் குளிப்பாட்ட எனக்குத் தெரியாது, பங்களா நாய் சொன்னால் அசையாமல் நிற்கும், அதற்குப் பழக்கம் அப்படி. அப்போதுதான் உன் வீடியோ ஞாபகம் வந்தது. யோகராணி அதைப் போனில் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கல்லில் சாய்த்து வைத்து ஏழு தரம் ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு தரமும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மூன்றாம் தரத்துக்குப் பிறகுதான் உன் கை என்ன செய்கிறது என்று பார்க்கத் தோன்றியது. நீ நாயை எடுத்தவுடன் தொடவில்லை, புறங்கையை நீட்டி அது மோந்து முடிக்கிறவரை காத்திருந்தாய். தலையில் தண்ணீர் ஊற்றவில்லை, பின்னங்காலில் தொடங்கினாய். காதில் பஞ்சு வைத்தாய். சிக்கு வந்த இடத்தில் இழுக்காமல், மயிரின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவினாய். வாயை மூடாமல் என்னமோ பேசிக்கொண்டே இருந்தாய். இதில் பாதி எனக்குப் பங்களாவில் யாரும் காட்டித் தரவில்லை, சவுக்கால் காட்டினார்கள்.

நீ செய்தபடியே செய்தேன். சடையன் முதலில் உறுமியது, நான் கையை நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இருந்தேன், முழங்கால் செத்துப்போனது. கடைசியில் வந்து மோந்தது. காலில் தண்ணீர் ஊற்றினேன், சூடு பட்டதும் அதற்கு உடம்பு தளர்ந்தது. நீ பேசினாயே என்று நானும் பேசினேன். நாயிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது, அப்புவைத் திட்டினேன், இட்டலிச் சட்டியைச் சொன்னேன், எண்பத்தேழில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் என் பெயரை வேண்டுமென்றே கூப்பிடாமல் விட்ட கணக்கப்பிள்ளையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஆமணக்குக் கொட்டை பெரிசு உண்ணி, தேயிலைக் குச்சி, காய்ந்த அட்டை, என்னென்னவோ வந்தது. முதுகும் வயிறும் முடித்துக் கழுத்துக்கு வந்தேன். அங்கே மயிர் கம்பளி மாதிரி ஒரே பாளமாக இருந்தது, நாற்றம் அங்கேயிருந்துதான் வந்தது. கத்தரியால் நுனி நுனியாக வெட்டிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் விரலுக்குக் கடினமாகத் தட்டுப்பட்டது, முள் என்று நினைத்து மயிரை விலக்கினேன். விஜயா, முள் இல்லை. கம்பி. கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி, வெளியே இல்லை, சதைக்குள் போயிருந்தது. சில இடத்தில் அதன் மேல் சதையே மூடி வளர்ந்துவிட்டது, சில இடத்தில் பள்ளமாகச் சீழ் கட்டி இருந்தது. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.  தீபாவளியிலிருந்து அந்த நாள் வரைக்கும் கணக்குப் பார், நாலு மாதம் அந்தக் கம்பியோடு என் விறகு அடுக்குக்குப் பின்னால் அது படுத்திருக்கிறது, நான் தினமும் காலையும் மாலையும் அங்கே போய் விறகு எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை சரியாக அந்தக் கழுத்தைத்தான் கட்டிப்பிடித்தாள். அது கடிக்கவில்லை, அதற்கு வலித்தது. நாங்கள் அதற்கு விஷம் வைக்கச் சொல்லியிருந்தோம்.

அதோடு முடியவில்லை. தொண்டைக்குக் கீழே கம்பியின் நுனி இரண்டு விரல்கடை தொங்கியது, நுனியில் ஒரு சின்ன ஈயக் குண்டு. அந்தக் குண்டை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன், யோசிக்கிற அவசியமே இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் உன் அண்ணன் ஆட்டோவிலிருந்து கழற்றி வாசலில் போடுகிற கிளச் கேபிள். நான் ஈரச் சேலையோடு முன் வாசலுக்குப் போனேன். அவன் எல்ல டவுனுக்குச் சவாரி போகத் தலை சீவிக்கொண்டிருந்தான். பின்னால் வாடா என்றேன், என் குரலைக் கேட்டதும் வந்தான். அந்தக் கழுத்தைப் பார்த்தவன் சீப்பைக் கீழே போட்டான். “பன்னிக்கு வச்சதும்மா” என்றான். நம் காணியில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டுப் பன்றி கிளறுகிறது என்று தீபாவளிக்கு முன்னால் கேபிளில் சுருக்குப் போட்டு வேலி ஓட்டையில் கட்டி வைத்திருக்கிறான். தீபாவளி முடிந்து இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் முளைக்கம்பும் இல்லை, கேபிளும் இல்லை, பன்றி பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டானாம். சடையன் காணாமல் போனதும் அதே இரண்டு நாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருத்தருக்கும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. உன் வேலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் பீலிக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் அவனை அடிக்கவில்லை, நாற்பத்திரண்டு வயது. ஆனால் அன்றிலிருந்து அவன் கொண்டுவருகிற பலகாரம் எதையும் நான் தொடவில்லை, எப்போது தொடுவேன் என்றும் தெரியாது.

அவன் ஆட்டோவில் ஏற்றலாம் என்றால் அவன் கிட்டே வந்தாலே நாய் நடுங்குகிறது. கீழே காரட் மூட்டை ஏற்ற ஸரூக் நானாவின் சின்ன லொறி வந்து நின்றது. யோகராணி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் வந்து ஒரு தரம் பார்த்தார், பார்த்துவிட்டு மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிச் சாக்கு விரித்தார். நானும் சடையனும் பின்னால் ஏறிக்கொண்டோம், பதுளை வரைக்கும் அது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. டவுனில் ஒரு மிருக டாக்டரம்மா, சிங்களவர், ஊசி போட்டுத் தூங்கவைத்து, குறட்டால் கம்பியை மூன்று துண்டாக வெட்டி எடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கும் என்றாராம், எனக்குச் சிங்களம் அவ்வளவு போதாது, ஸரூக் நானாதான் திருப்பிச் சொன்னார். பிறகு அந்த அம்மா நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒட்டிப்போன மயிரைத் தோல் கிழியாமல் வெட்டியது யார் என்று கேட்டார். நானா என்னைக் காட்டினார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, “என் மக காட்டிக் குடுத்தது. அவ கத்தார்ல இந்த வேலதான் பாக்குறா” என்றேன். நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டரம்மா, படித்துச் செய்யவேண்டிய வேலை அது, நல்ல கை வேண்டும் என்றாராம். உன் வேலையை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

ஸரூக் நானாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஷிபானிடமும் சொல். அவர்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. எங்களை இறக்கிவிட்டுக் கீழே ஓடையில் லொறியை நிறுத்தி, சாக்கு விரித்த பின்தட்டையும் தன் கையையும் அவர் எண்ணி எண்ணிக் கழுவியதை நான் மேலே நின்று பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போனது. எங்களால உங்களுக்கு வேலை நானா என்றேன். “உசிருதானே ரெங்கம்மா, கழுவினா சரி” என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தார். இந்த உலகத்தில் நான் குறை சொல்லாத ஆள் இரண்டு பேர், அவரை மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முருகையா பொட்டலத்தோடு வந்தான், யோகராணியே வாசலை மறித்து நின்று அவனைத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு ஞாயிறு, பீலியில் துணி துவைக்கக் கூட்டம். நான் உன்னைச் சொன்னது பதினைந்து பேர் முன்னால், அதைத் திரும்ப எடுப்பதை மூலையில் உட்கார்ந்து எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வாளியோடு நடுவில் போய் நின்றேன். “விஜயா நாய் குளிப்பாட்டுற வேலதான் பாக்குறா. நானும் பதினாலு வயசுல பங்களாவுல அதத்தான் பாத்தேன். அன்னைக்கு நான் போன்ல சொன்ன சொல்ல எடுத்துட்டேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சிருங்க, நான் நிக்கிறேன்” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அழகுமணி தன் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ கேட்கவேண்டியதை அவர்கள் கேட்டார்கள், அதனால் உனக்கு இதை எழுதுகிறேன். நான் சொன்னது தப்பு மகளே.

ஆனால் நீ பொய் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் உனக்குப் பொய் சொல்லித்தான் வளர்த்தேன், இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போனது என்று நீ சொல்லுவாய், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், என் பொய் பழசு. லூலூவும் ஸாராவும் சுகம்தானே. செய்த அர்ச்சனை செய்ததாகவே இருக்கட்டும். வேலை நேரத்தில் கையுறை போடாமல் இருக்காதே, சவர்க்காரத் தண்ணீர் விரல் இடுக்கை அரித்துவிடும், எனக்கு அந்த அரிப்பு இரண்டு வருஷம் இருந்தது, படுக்கிறபோது தேங்காய் எண்ணெய் பூசிக்கொள். பெரிய நாயைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு பிடித்தால் அங்கே யார் பார்ப்பது. முகத்துக்கு நேரே குனிந்து முத்தம் கொடுப்பதை மட்டும் விட்டுவிடு, எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் நாய்தான். தனுஷ்கா உன் வீடியோவைப் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குக் காட்டினாளாம், அத்தை மாதிரி வருவேன் என்றாளாம், யோகராணி திட்டவில்லை, நானும் திட்டவில்லை.

சடையனுக்குக் காயம் ஆறிக்கொண்டு வருகிறது. தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் நான்தான் கழுவுகிறேன், என்னைத் தவிர யாரையும் விடுவதில்லை. ஒரு சந்தேகம் இருக்கிறது, நீ தொழில் தெரிந்தவள், நீதான் சொல்லவேண்டும். இடது பக்கம் முழுக்கச் சீவிச் சிக்கெடுத்துவிட்டேன், பஞ்சு மாதிரி இருக்கிறது. வலது பக்கம் கை வைத்தால் இன்னும் திரும்பிப் பார்க்கிறது, கடிக்கவில்லை, பார்க்கிறது, அந்தப் பார்வைக்கு நான் சீப்பை எடுத்துவிடுகிறேன். அதனால் ஒரு பக்கம் பங்களா நாயாகவும் மறுபக்கம் லயத்து நாயாகவும் இந்த வாசலில் திரிகிறது, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வலது பக்கச் சிக்கை வெட்டவா, அப்படியே விடவா, வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்கவா. உன் கடையில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல். என் போன் யோகராணியின் போன்தான், காலை ஆறு மணிக்கு முன்னால் கூப்பிட்டால் நான் மட்டும் இருப்பேன், ஸ்பீக்கரில் போடமாட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல், பிடித்த வேலையில் நல்ல பெயரோடு, யாருக்கும் தலை குனியாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும், மாரியம்மாள் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் காப்பாள். மறந்துவிடாதே, சித்திரை முதல் நாளுக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது. வரும்போது வீடியோவில் இருந்த அந்த இரும்புப் பல் சீப்பை எடுத்துக்கொண்டு வா. வலது பக்கத்தை நான் தொடவில்லை, அதை உனக்கு விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டினவளும் பெற்றவளுமான
அம்மா ரெங்கம்மா